தோளில் இருந்த கை

போர்ட்ஃபோலியோ என்று ஒரு ஃபோல்டர் திறந்து
இன்றோடு பதினெட்டு நாள்.
உள்ளே ஒன்பது வேலை இருக்கிறது.
ஒன்பதும் பொய்.

ஒஸ்லோவில் ஒரு கோப்பிக்கடைக்கு லோகோ செய்தேன்.
அப்படியொரு கடை இல்லை,
எனக்குக் கோப்பியும் பிடிக்காது.
பூனைச் சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி.
ஒருநாளும் புறப்படாத விமானக் கம்பெனிக்கு
மூன்றுவித நீலத்தில் வால்.
பாசையூர் ஒழுங்கையில்
ஃபான் சத்தத்துக்கும் கடல் சத்தத்துக்கும் நடுவில் இருந்து
இல்லாத ஆட்களுக்கு விடிய விடிய உழைத்தேன்.
நல்ல முதலாளிமார்,
ஒருத்தரும் திருத்தம் கேட்கவில்லை.

"ஆருக்குச் செய்யிறாய்?" என்றா அம்மா.
"சும்மா, காட்டுறதுக்கு."
"ஆருக்குக் காட்டுறதுக்கு?"

டென்மார்க்கிலிருந்து ஒருத்தி எழுதினாள்.
பழைய படங்களைத் துப்புரவாக்க ஆள் வேணுமாம், நாற்பது டொலர்.
பூனைப்பெட்டி வடிவு,
ஆனால் உண்மையான மனிதருக்குச் செய்தது
ஒன்றாவது காட்டு.

ஒன்று இருந்தது.
காசு வாங்காததால்
அதை நான் வேலை என்றே எண்ணவில்லை.

மாசியில் அருளப்பு மரியநாயகம் இறந்தார், நாலு வீடு தள்ளி.
கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்குப் போட ஒழுங்கான படமில்லை.
அடையாள அட்டையில் கள்ளன் மாதிரி இருந்தார்.
மகன் கொண்டுவந்தது ஒரு கலியாணவீட்டுப் படம்:
நெருக்கியடித்து ஏழெட்டுப் பேர்,
அதில் இவர் ஒருவர்தான் கண்ணை மூடாமல்.
இரவு எட்டு மணிக்குத் தந்தான், விடிய அச்சுக்குப் போகவேணும்.
பத்தரைக்குக் கரண்ட் போனது.
பற்றரியில் முப்பத்தொரு வீதம்.

எல்லாரையும் வெட்டினேன்,
பிளாஸ்டிக் பூவளைவையும்.
கடைசியில் ஒரு கை மிச்சம்,
அவருடைய வலது தோளில்.
கைக்குரிய முகம் வேறொரு தலைக்குப் பின்னால்.
தொளதொளத்த மோதிரம் கழராமல்
சிவப்பு நூல் சுற்றியிருந்தது.
விரல் விரலாக அழித்தேன்.
அந்த இடத்துக்குச் சேர்ட்டின் கோடுகளை
இடது தோளிலிருந்து கடன்வாங்கித் தைத்தேன்.

விடிய மதில் மதிலாக நின்றார்
குருநகர்ச் சந்தி வரைக்கும்.
இதை ஆர் செய்தது என்று அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை.

கேளாமல் எப்படி அனுப்புகிறது?
லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு பிலோமினா அன்ரியிடம் போனேன்.
முன்னால் எடுத்த படம், பின்னால் செய்த படம்
இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
அவ பின்னதைப் பார்க்கவேயில்லை.
முன்னதில் விரலை வைத்தா.
அந்த விரலில் அதே மோதிரம்,
நூல் மட்டும் புதுசு.

"எறிஞ்சு போட்டியோ?"
"இல்லை அன்ரி, லேயரை மூடித்தான் வைச்சிருக்கு."
கண் அடையாளத்தை அமத்தினேன். கை வந்தது.
திரும்ப அமத்தினேன். போனது.
"இன்னொருக்கா" என்றா.
எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை,
கடைசியாகக் கை தோளில் இருக்கும்போது நிறுத்தினேன்.

"அனுப்பு பிள்ளை.
ஏஜென்சிக்கு ரெண்டு தரம் காசு கட்டி ஏமாந்த மனுசன்.
இப்பவாவது ஒருக்கா வெளிநாடு போகட்டும்."
வாசலில் நின்று சொன்னா:
"பேரைப் போடாதை.
கையைக் காட்டு."

அனுப்பி ஐந்து நாள்.
பார்த்துவிட்டாள் என்று இரண்டு கோடு காட்டுகிறது,
பதில் இல்லை.
ஒஸ்லோ கோப்பிக்கடையைப் பூட்டிவிட்டேன்.
விமானத்தை அழிக்க மனம் வரவில்லை, கிடக்கட்டும்.

நேற்றுப் பின்னேரம் படலையில் சைக்கிள் மணி.
கொழும்புத்துறையில் புதுசாக ரியூசன் தொடங்கும் ஒருத்தர்,
நெற்றியெல்லாம் வேர்வை.
"மரியநாயகத்தாற்ர நோட்டீஸ் செய்த பிள்ளை நீங்கதானே?
ஒரு பனருக்கு எவ்வளவு எடுப்பீங்கள்?"

அந்தக் கேள்விக்கு
பதினெட்டு நாளில் ஒருதரமும் ஒத்திகை பார்க்கவில்லை.
ஒரு தொகை சொன்னேன்.
கூடிப்போச்சோ, குறைஞ்சுபோச்சோ,
அவர் சைக்கிளை ஸ்டாண்டில் போட்டார்.
"திருத்தம் ரெண்டு தரம்தான்" என்றும் சொன்னேன்,
கொஞ்சம் சத்தமாகவே,
அடுப்படியில் அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று.